நேராக மாட்டிய ஒன்பது எழுத்துகள்

சாரத்தின் மேல் நின்றபடி கடைசி எழுத்தின் புள்ளியைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரலிடுக்கில் சிலிக்கோன் பசை பிதுங்கியது. அதன் புளித்த வாடை மூக்கில் ஏறியது. நூறு வரை எண்ணிவிட்டுக் கையை எடுத்தேன். புள்ளி விழவில்லை. அதன் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டு மெதுவாகத் திரும்பினேன்.

கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, கைதட்டினால் எப்படிக் கூச்சப்படுவது என்றுகூட முதல் நாளே கண்ணாடி முன் நின்று பார்த்து வைத்திருந்தேன்.

கீழே முப்பது நாற்பது பேர் நின்றார்கள். யாரும் கைதட்டவில்லை. எல்லோருடைய தலையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"என்னாலா இது?" என்றது ஒரு குரல். "ரயிலு மேடு ஏறுற மாதிரில்ல போவுது!"

யார் இந்தக் கோணல்?

போன வாரம் இந்தப் பத்தியில், தெமியாங்கில் ஒரு கிளினிக்குக்கு எழுத்து மாட்டப் போன கதையை எழுதியிருந்தேன். துளைக்கும் இடங்களைக் குறித்த அளவுக் காகிதத்தை முன்பின் மாற்றி ஒட்டி, ஓட்டைகளையெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாற்றிப் போட்டுவிட்டு வந்த கதை. அதைப் படித்த ஒரு வாசகர், 'நீங்கள் உருப்படியாக ஒரு வேலைகூடச் செய்ததில்லையா?' என்று கேட்டிருக்கிறார்.

செய்திருக்கிறேன் ஐயா. ஒன்றே ஒன்று. அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

என் பெயர் சேகர் என்பது அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. ஊருக்கு நான் கோணல் சேகர். நான் வளர்ந்த எஸ்டேட்டுத் தோட்டத்துப் பள்ளியில் என் நோட்டைத் திருத்தும்போது வாத்தியார் நோட்டைச் சாய்த்து, தன் கழுத்தையும் சாய்த்துக்கொள்வார். என் வரிகள் மேலே தொடங்கிக் கீழே போய் முடியும். அப்போது வைத்த பெயர் நான் சிரம்பானை ஒட்டிய ராசா ஊருக்குக் குடிவந்தபோது லாரியில் சாமான்களோடு சாமானாக ஏறி வந்துவிட்டது.

இப்படிப்பட்டவன் என்ன தொழிலுக்குப் போக வேண்டும்? சுவரில் எழுத்து மாட்டும் தொழிலுக்குப் போனேன். கடைகள், கிளினிக்குகள், தொழிற்சாலைகளின் வெளிச்சுவரில் எவர்சில்வரிலோ அக்ரிலிக்கிலோ தனித்தனியாக வெட்டிய எழுத்துகளை மாட்டுவது. ராசாவில் என் கடைப் பலகை நேராக இருக்கிறது. அதை மாட்டியவன் என் மனைவியின் தம்பி ரவி.

பல வருஷமாக நான் மட்டம் பார்க்கும் லெவல் வைத்து வேலை பார்த்ததே இல்லை. கண்தான் லெவல் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஒரு தடவை செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில், தொப்பி போட்ட அதிகாரி ஒருவர், "உங்கள் லெவலைக் காட்டுங்கள்" என்று கேட்டார். வேனுக்குள் தேடி எடுத்து நீட்டினேன். கண்ணாடிக் குழாயில் திரவம் எப்போதோ வற்றிப்போய், உள்ளே ஒரு செத்த எறும்பு கிடந்தது. அவர் எறும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த வேலை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அன்று மாலையே ரவி என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டுபோய் ஒரு லேசர் லெவல் வாங்க வைத்தான். சுவரில் பச்சைக் கோடு அடிக்கும் இயந்திரம். ஒரு வருஷம் அதைப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்காமல் பத்திரமாக வைத்திருந்தேன்.

அக்கா கொடுத்த வாக்கு

எங்கள் தோட்டத்து மூன்றாம் பிரிவில் ஒரு மண்டபம் இருக்கிறது. நாங்களெல்லாம் ராசா, தெமியாங் என்று பிரிந்து போய்விட்டாலும், வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே கூடிச் சாப்பிடுவோம். லேசர் வாங்கிய மறு வருஷம் மண்டபத்துக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். முகப்பில் 'மக்கள் மண்டபம்' என்று எவர்சில்வர் எழுத்து மாட்டலாம் என்று கூட்டத்தில் முடிவானது.

மண்டபக் குழுவின் தலைவர் என் அக்கா பாக்கியம். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். செயலாளர் மணியண்ணன், முன்பு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அந்த மண்டபத்தைக் கட்டியது அவருடைய அப்பா, காலஞ்சென்ற கொத்தனார் மாமா. அதைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நமக்கு ஞாபகப்படுத்தாவிட்டால் மணியண்ணனுக்குத் தூக்கம் வராது.

"எங்கப்பா கட்டுன செவுரு அது. கண்டவன் கைய வைக்கக் கூடாது. சிரம்பான்ல நல்ல கம்பெனியாப் பாத்துக் குடுப்போம்" என்றார். கண்டவன் என்று சொல்லும்போது அவர் கண் என் பக்கம் வந்துவிட்டுப் போனது.

நான் கடைசி வரிசையில் பீசாங் கோரெங் தின்றுகொண்டிருந்தேன். அக்கா எழுந்து நின்றாள்.

"என் தம்பி போடுவான். சரியா வரலன்னா அன்னிக்கே தலைவர் பதவிய விட்டுர்றேன்."

பொரித்த வாழைப்பழம் தொண்டையில் நின்றது. அக்கா என்னைப் பற்றி அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. என் கல்யாணத்தில்கூட பெண்வீட்டாரிடம், "பாத்துக்குங்க, திருப்பிக் கொண்டாந்து விட்றாதீங்க" என்று சொன்னவள். அவள் நாற்பது பேர் முன்னால் எனக்காகப் பதவியை வைக்கிறாள்! எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குப் போய் லேசர் லெவலைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். என் மனைவி நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

பச்சைக் கோடு

'மக்கள் மண்டபம்' என்றால் ஒன்பது எழுத்து, நாலு புள்ளி. எழுத்தை வெட்டித் தரும் பட்டறைச் சீனர் எழுத்துகளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். புள்ளிகளைக் கழிவு என்று நினைத்துக் குப்பையில் போட்டிருந்தார். நானும் ரவியும் குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டு நாலையும் தேடி எடுத்தோம்.

ஒன்றுகூடலுக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை. செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் மண் சடக்கில் வேனை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். வெயில் ஏறினால் லேசர் கோடு கண்ணுக்குத் தெரியாது. முகப்பு நிழலில் இருக்கும்போதே இயந்திரத்தை வைத்தேன். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பச்சையாக ஒரு கோடு ஓடியது. அப்படி ஒரு நேரை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

கோட்டைப் பிடித்து அளவுக் காகிதத்தை ஒட்டினோம். எழுத்துக்கு நாலு ஓட்டை, புள்ளிக்கு ஒன்று. காகிதத்தில் குறி போட்டிருக்கும் இடத்தில் துளைத்து, எழுத்தின் முதுகில் இருக்கும் கம்பிகளைச் சிலிக்கோன் வைத்துச் சொருக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

துளைக்கப் போகும்போது ரவி, "மச்சான், எறங்கிப் போயி தூரத்துலருந்து ஒரு தடவ பாத்துட்டுத் துளைப்போமே" என்றான்.

எழுத்து மாட்டுகிறவன் எவனும் செய்வது அதுதான். துளைப்பதற்கு முன் சடக்கு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்ப்பான்.

"மெஷின் இருக்கும்போது கண்ணு எதுக்குலா?" என்றேன்.

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் எப்படி இத்தனை வருஷம் பிழைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

சாய்ந்த தலைகள்

ஒவ்வோர் எழுத்தையும் டேப் போட்டு நிறுத்தி, காகிதத்தைக் கிழித்து முடித்தபோது மணி நாலு. மறுநாள் சமையலுக்காக வந்திருந்த கூட்டமெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தது. அப்போதுதான் நான் முதலில் சொன்ன அந்தத் தலைகள் சாய்ந்தன.

"சேகரு, எழுத்து கோணலா இருக்குலா" என்றார் மணியண்ணன்.

"கோணலா? வாய்ப்பே இல்லண்ணே. லேசர்ல போட்டது!"

"லேசரோ பீசரோ. பாத்தாலே தெரியுதே."

சாரத்தைவிட்டு இறங்கி ஓடிப்போய்ச் சடக்கில் நின்று பார்த்தேன். கோணல்தான். பச்சைக் குழந்தைகூடச் சொல்லும்.

மண்டப வாசலுக்கு மேலே, சுவரின் அகலம் முழுக்க ஒரு சிமெண்டுப் பட்டை ஓடுகிறது. எழுத்துகள் அந்தப் பட்டைக்கு மேலேதான் இருந்தன. இடது கோடியில் பட்டைக்கும் எழுத்துக்கும் மூன்று அங்குல இடைவெளி. வலது கோடியில் நாலரை.

மறுபடி ஏறி, ரவியின் குமிழி லெவலை வாங்கி எழுத்தின் கீழ் வைத்தேன். குமிழி நட்ட நடுவில் நின்றது. அப்போதுதான் உறைத்தது. என் எழுத்து நேர். பட்டைதான் வலதுபக்கம் இறங்கிப் போகிறது. கூரையின் விளிம்பும் அதோடு சேர்ந்து இறங்குகிறது. நாற்பது வருஷமாக அது இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பக்கத்தில் நேராக ஒரு பொருள் இல்லாததால் யார் கண்ணுக்கும் படவில்லை. இன்று ஒன்பது எழுத்து வந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

வேறு எவனாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் சாரத்தின் மேலிருந்து கத்தினேன். "எழுத்து நேராத்தான் இருக்கு! மண்டபம்தான் கோணல்!"

மணியண்ணன் முகம் சுண்டிப்போய்விட்டது.

"அப்ப எங்கப்பா கட்டுன செவுரு கோணல்ங்கிற?"

"நான் சொல்லலண்ணே. மெஷின் சொல்லுது. இருங்க, இந்த லெவல அந்தப் பட்ட மேல வச்சுக் காட்டுறேன், எல்லாரும் ஏறி வந்து பாருங்க."

என் ஆயுளில் முதல் தடவையாக நான் சொன்னது சரியாக இருந்தது. அந்தப் போதை தலைக்கேறிவிட்டது. லெவலைத் தூக்கிக்கொண்டு பட்டையை நோக்கிக் குனிந்தேன்.

"சேகரு!" அக்காவின் குரல். "கீழ எறங்கு."

சின்ன வயதில் அந்தக் குரலைக் கேட்டால் மரத்திலிருந்து குதித்தே இறங்கிவிடுவேன். இப்போதும் கிட்டத்தட்ட அப்படித்தான் இறங்கினேன்.

சமையல் கொட்டகையில்

மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சமையல் கொட்டகைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். உரித்து வைத்த சின்ன வெங்காயத்தின் நெடி கண்ணைக் கரித்தது. பதவி போன கோபத்தில் கரண்டியைத் தூக்கப்போகிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளியே நின்றேன். அவள் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பட்ட கோணல்தான். எனக்குத் தெரியும்."

"தெரியுமா? எப்படிக்கா?"

"நாந்தான்டா நூலு புடிச்சேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஜனங்களே சேர்ந்து கட்டிய மண்டபம் அது. ஆண்கள் சிமெண்டு குழைக்க, பெண்கள் மணல் சுமக்க, பிள்ளைகள் எடுபிடி. கொத்தனார் மாமா ரப்பர் குழாயில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்து, சுவரின் இரண்டு கோடியிலும் பென்சிலால் குறி போட்டார். ஒரு பக்கம் நூலை ஆணியில் கட்டினார். மறுபக்கம் பூச்சு ஈரமாக இருந்ததால் ஆணி நிற்கவில்லை. பன்னிரண்டு வயது அக்காவை ஒரு டிரம்மின் மேல் ஏற்றிவிட்டு, "பாப்பா, இந்தக் கோட்டுல வச்சு அசையாமப் புடி" என்றார்.

"கை எறங்கிருச்சுடா" என்றாள் அக்கா. "ரெண்டு வெரலுதான். அந்த நூலப் பாத்துப் பலகைய அடிச்சு, சிமெண்ட ஊத்திட்டாங்க. பலகைய பிரிச்ச அன்னிக்கு மாமா ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்பறம் என்னையப் பாத்தாரு. 'போ பாப்பா, போயி பசியாறு'ன்னாரு. அவ்வளவுதான். கூரையையும் அந்தப் பட்டைக்கு ஏத்த மாதிரியே போட்டுட்டாரு. சாவுற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் என் பேரச் சொல்லல. இப்ப நீ போயி அந்த மனுஷன் வேலைதான் கோணல்னு ஊரக் கூட்டிச் சொல்றியே."

அக்கா அழுது நான் பார்த்தது அம்மா இறந்தபோதுதான். அதற்கப்புறம் அன்றுதான். வெங்காயத்தின்மேல் பழி போடவும் அவள் முயலவில்லை.

இப்படிப்பட்ட சமயங்களில் நான் எதையாவது சொல்லித் தொலைப்பேன். "ரெண்டு கையாலயும் புடிக்க வேண்டியதுதானேக்கா?" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னொரு கையில நீ இருந்தடா."

"நானா?"

"இடுப்புல. அம்மா மண்ணு தூக்கப் போயிருச்சு. ஐஸ்கிரீம் மோட்டாருக்காரன் மணியடிச்சுக்கிட்டு வந்தான். அதக் கேட்டு நீ துள்ளுன துள்ளு இருக்கே! உன்னையப் புடிப்பேனா, நூலப் புடிப்பேனா?"

ஆக, அந்த மண்டபத்தைக் கோணலாக்கியதும் நான்தான். ரெண்டு வயதிலேயே தொழிலை ஆரம்பித்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் என்னை அரித்தது.

"அப்பறம் ஏன்க்கா என்னைய நம்பிப் பதவிய வச்ச?"

"சிரம்பான் கம்பெனிக்காரன் வந்தா லெவல் வச்சுப் போடுவான், குட்டு வெளிப்பட்டுரும். நீன்னா கண்ணால பாத்து, அந்தப் பட்டைய ஒட்டியே போட்டுட்டுப் போயிருவ. உன் ஆயுசுல ஒருநாளாச்சும் லெவல் வச்சிருக்கியா? அத நம்பித்தான்டா வாக்குக் குடுத்தேன்."

கூட்டத்தில் நான் கலங்கிய கண்ணீரைத் திருப்பி உள்ளே அனுப்ப ஏதாவது வழி இருக்கிறதா என்று யோசித்தேன். ஆனால் கோபம் வரவில்லை. டிரம்மின் மேல் ஒரு பெண்பிள்ளை, இடுப்பில் ஒரு கொழுத்த பையனோடு, நூலைப் பிடித்துக்கொண்டு நிற்பது கண் முன்னால் வந்தது. நான் நல்ல கனம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

மெஷின்தான் கோணல்

வெளியே வந்து மணியண்ணன் எதிரில் நின்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"மன்னிச்சுருங்கண்ணே. இப்பத்தான் பாத்தேன். மெஷின்தான் கோணல். உங்க அப்பா செவுரு சரியாத்தான் இருக்கு."

குறுக்குக் கேள்வி வரும் என்று நினைத்து மனத்துக்குள் நாலைந்து பதில் தயாராக வைத்திருந்தேன். இயந்திரம் கீழே விழுந்தது, பேட்டரி தீர்ந்தது என்று. ஒரு கேள்விகூட வரவில்லை. "அதான பாத்தேன்!" என்றார் ஓர் ஆண்ட்டி. "கோணல் கையில குடுத்தா மெஷினும் கோணலாத்தான் போவும்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டார்களே என்பதுதான் எனக்கு வலித்தது.

மணியண்ணன் என் தோளைத் தட்டினார். "பரவால்ல விடு. தப்ப ஒத்துக்கிட்ட பாரு, அதுவே பெருசு."

ரவி மட்டும் என் காதருகே வந்து, "மச்சான், மெஷின் நல்லாத்தான..." என்று இழுத்தான். அவன் காலை மிதித்தேன்.

நல்லவேளை, சிலிக்கோன் இறுகியிருக்கவில்லை. எழுத்துகளைக் கழற்றித் துடைத்தோம். புதுச் சாயம் பூசிய சுவரில் நாற்பது ஓட்டைகள் என்னைப் பார்த்து இளித்தன. அக்கா மிச்சச் சாயத்தில் அரை டின் பத்திரமாக வைத்திருந்தாள். ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, அதன்மேல் தடவினோம். பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் துளைத்தால் சுவர் உதிரும் என்பதால் வரிசையை இன்னும் மேலே ஏற்றினோம். பட்டையிலிருந்து அளந்து, பட்டையோடு சேர்ந்து வலப்பக்கம் இறங்கும்படி காகிதத்தை ஒட்டினோம்.

இந்தத் தடவை துளைப்பதற்கு முன் சடக்குக்குப் போய் நின்று பார்த்தேன். அக்காவும் வந்து பக்கத்தில் நின்றாள். "ம்" என்றாள்.

இருட்டுவதற்குள் முடித்துவிட்டோம். கூட்டம் மறுபடி வந்து பார்த்தது. ஒரு தலையும் சாயவில்லை. கைதட்டினார்கள்கூட. பயிற்சி எடுத்து வைத்திருந்த கூச்சம் அப்போது முகத்துக்கு வரவில்லை.

மறுநாள் எழுத்துகளுக்குக் கீழே எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மணியண்ணன் ஒலிபெருக்கியில் தன் அப்பாவின் கைவேலையைப் பற்றிப் பேசினார். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூன்றாவது தடவையாகக் கோழிக்கறி போட்டுக்கொண்டேன்.

போன வாரம்

இதை எழுதுவதற்கு முன் அக்காவைக் கூப்பிட்டு அனுமதி கேட்டேன். "எழுதுறதுன்னா முழுசா எழுது. ஆனா மணி அத மொதல்ல பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது. நானே போயி சொல்லிட்டு வந்துர்றேன்" என்றாள்.

போன வாரம் தெமியாங்கில் அவர் வீட்டுக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"என்னாக்கா சொன்னாரு? கத்துனாரா?"

"இல்லடா. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. 'அப்பா மண்டபத்துக்கு வந்தா ஒருநாளும் தலைய நிமித்திப் பாக்க மாட்டாரு. இத்தன வருஷமா ஏன்னு தெரியலக்கா, இப்பத்தான் வெளங்குது'ன்னாரு. அப்பறம் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'பன்னெண்டு வயசுப் புள்ளக்கா நீ'ன்னாரு. ரெண்டு பேரும் அழுதோம்."

அப்படியானால் என் பெயரும் சுத்தமாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை நான் போட்டது நேர்தான் என்று இனிமேல் மணியண்ணனுக்காவது தெரியும்.

"என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது.

"சொன்னாரு. 'செவுரு கோணல்னு நீ சொல்றத நம்புறேன்க்கா. நூலு எறங்கிருச்சுங்கறதையும் நம்புறேன். ஆனா உன் தம்பி எழுத்த நேராப் போட்டான்ங்கிற பாரு, அதத்தான் என்னால நம்ப முடியல'ன்னாரு."